சிறுவயதில் வந்த சின்னம்மை, அறுபதில் அக்கியாகத் திரும்புவது ஏன்?

சின்னம்மை ஆறினாலும் அதன் வைரஸ் உடலைவிட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கிவிடுகிறது.

அதைத் தலையெடுக்க விடாதவை டி செல்கள் எனும் வெள்ளையணுக்கள். அவற்றை ஊர்க்காவலர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக் காவலர்களைப் பழக்கும் இடம், நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பி. வயது ஏற ஏற அது சுருங்குகிறது. புது ஆள் வரத்தும் குறைகிறது. பழைய காவலர்களோ களைத்துப்போகிறார்கள். சைட்டோமெகலோ எனும் இன்னொரு வைரஸும் உடலில் நிரந்தரமாகக் குடியிருந்தால், காவலர்களில் கணிசமானோர் அதன் வாசலிலேயே நிற்கவேண்டியதுதான்.

காவல் தளர்ந்ததும், பதுங்கிய வைரஸ் ஒரே நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. கொப்புளங்கள் உடலின் ஒருபக்கம் மட்டும் பட்டைபோல் வரிசைகட்டுவது அதனால்தான்.

50 வயதைக் கடந்தவரா நீங்கள்? அக்கிக்குத் தடுப்பூசி உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.