பயிர்ப் பூச்சியைப் படமெடுக்க எந்த டிரைபாட்?

செய்யூர் வட்டார உழவர் பெருமக்கள் பயிர் காய்ந்தால் கைப்பேசியில் படமெடுத்து ஆலோசனை கேட்கலாம். படம் மங்கலானால், காரணம் புகையானா, இலையுறைக் கருகல் நோயா என்று அறிய இயலாது. பூச்சிமருந்து பூசணத்தைக் கொல்லாது, பணம் வீண்.

புகையான் 3 முதல் 4 மி.மீ. நீளமே. நெருங்கி எடுக்கையில் சிறு கைநடுக்கமும் படத்தைக் கெடுக்கும். பூச்சி தூரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும். ஆகவே உயரமான டிரைபாட் தேவையில்லை. கால்களை அகல விரித்துத் தாழ்த்தக்கூடியதும், கைப்பேசிப் பிடி இறுக்கமானதுமான சிறிய டிரைபாட் போதும். மண் நிரப்பிய பையைத் தொங்கவிட்டால் மலிவானதும் அசையாது. சேற்றில் கால்கள் புதையாதிருக்கப் பலகைத் துண்டுகளை அடியில் வைக்கவும்.

கடற்காற்று எழுமுன், காலையில் தூர்களை விலக்கி, டைமர் வைத்து எடுக்கவும். உதவி வேளாண்மை அலுவலரிடம் படத்தைக் காட்டி, காரணம் தெரிந்தபின் மருந்து வாங்கவும்.