9999 விளையாட்டு, எண்ணிப் பார்த்தால் ஒரு டஜன்

தொண்ணூறுகளில் திருச்சி கைலாசபுரத்து பெல் (BHEL) குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் கையில் புழங்கிய ‘பிரிக் கேம்’ விளையாட்டுப் பெட்டியின் நெற்றியில் ‘9999 இன் 1’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். 1965-இல் வந்த கொதிகலன் ஆலையை நம்பி எழுந்த ஊர் அது. மில்லிமீட்டர் பிசகினாலும் விடாத அப்பாக்கள்கூட, தெப்பக்குளம் பக்கத்துப் பர்மா பஜாரில் அந்த எண்ணை அப்படியே நம்பிப் பணம் கொடுத்துவிட்டு வருவார்கள்.

உள்ளே இருப்பதோ ஒரு டஜனைச் சுற்றித்தான். கட்டை அடுக்குவது, கார், டாங்கி, பாம்பு, சாலை கடக்கும் தவளை, பந்தால் செங்கல் உடைப்பது. மற்றதெல்லாம் வேகத்தையும் தொடக்க நிலையையும் மாற்றிப் போட்டுப் பெருக்கிய கணக்கு. ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம், பணியாரம் சுட்டுவிட்டு, நாலு மாவு அரைத்தேன் என்பது மாதிரி.

வேறு வழியும் இல்லை. திரையில் குறுக்கே 10, நெடுக்கே 20, ஆக 200 கட்டங்கள். கட்டம் கறுக்கும், அல்லது மறையும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அதே கட்டங்களில் ஏழெட்டைச் சேர்த்தால் கார், கொஞ்சம் மாற்றினால் டாங்கி. பல பெட்டிகளுக்குள் இருந்தது தைவானின் ஹோல்டெக் நிறுவனத்து 4-பிட் சில்லு. பேட்டரியைக் கழற்றினால் நேற்றைய ஹை ஸ்கோரும் போச்சு. தெருவில் யார் பெரிய ஆட்டக்காரன் என்பதற்குச் சாட்சி சொல்ல ஆள்தான் வேண்டும், பெட்டி சொல்லாது.

கட்டை அடுக்கும் ஆட்டத்தின் மூலம் 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதிய டெட்ரிஸ். அவர் எழுதிய எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது. அடைப்புக்குறிகளை ஒட்டி வைத்துத்தான் கட்டை காட்டினார். 1989-இல் நின்டெண்டோவின் கேம் பாய் அதே டெட்ரிஸோடு உலகைச் சுற்றியது. நான்கு பென்சில் பேட்டரி, ஆட்டத்துக்கு ஆட்டம் தனித்தனி கார்ட்ரிட்ஜ். சிங்கப்பூர் சித்தப்பா பெட்டியைத் திறந்தால் ஒழிய இங்கே அதைப் பார்ப்பது அபூர்வம். ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: கேம் பாய் டெட்ரிஸில் 18 வரிசைதான். ‘மட்டமான’ பிரிக் கேமில் 20. கட்டை அடுக்குவதற்கு மட்டும் கேட்டால், என் ஓட்டு பிரிக் கேமுக்கே.

ரிப்பேர் என்றால் ஸ்குரூவைக் கழற்றிப் பார்ப்பது குவார்ட்டர்ஸ் பழக்கம். இதில் பார்க்க ஒன்றும் இருக்காது. பச்சை போர்டு நடுவே தார்ச்சொட்டாக ஒரு கறுப்புப் பிசின், அதற்கடியில் சில்லு, கைவைக்க முடியாது. வைக்கக்கூடிய இடம் பட்டனுக்கு அடியிலுள்ள ரப்பர்தான். அதில் ஒட்டிய கரி தேய்ந்துவிட்டால் எத்தனை அழுத்தினாலும் கட்டை திரும்பாது. டிவி ரிமோட்டுக்குச் செய்கிற அதே வைத்தியம்: பென்சிலை அழுத்தித் தேய்த்து மூடினால் கொஞ்ச நாளைக்கு ஓடும்.

பிரிக் கேமின் இடத்துக்கு இன்று வந்திருப்பது ‘சப் 400 இன் 1’. வண்ணத் திரை, டிவியில் மாட்ட ஏவி வயர், சிலவற்றில் இரண்டாவது ஆளுக்குத் தனி ரிமோட். ஆட்டங்கள் 1983-இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் காலத்துச் சரக்கு: மரியோ, கான்ட்ரா வகையறா. உரிமம் வாங்காத நகல்கள். பட்டியலின் பின்பக்கம் போகப் போக பழைய ஆட்டமே வேறு பெயரில் எட்டிப் பார்க்கும். இருந்தாலும் 9999-ஐவிட 400 நாணயமான பொய். ஆட்டத்தைப் பாதியில் சேமிக்கும் வசதி மட்டும் இதிலும் கிடையாது, அணைத்தால் முதலிலிருந்துதான்.

வாங்குகிறவர்கள் எண்ணைப் பார்க்காமல் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். பிஎல்-5சி பேட்டரி கழற்றி மாட்டும்படி இருந்தால் நல்லது. நோக்கியா 1100-இல் இருந்ததும் அதுவே என்பதால், உப்பினால் செல்போன் கடையில் புதிது வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.