உங்களுக்குத் தெரியுமா? மரபணுவைச் சுமக்கும் கொழுப்புத் துளி

மரபணு சிகிச்சையில் பெரிய தலைவலியே மருந்தைச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.வை அப்படியே ரத்தத்தில் விட்டால் நொதிகள் சிதைத்துவிடும். அதனால்தான் முதலில் வீரியம் நீக்கிய வைரஸ்களை வாகனமாக்கினார்கள்.

1987-இல் அமெரிக்காவின் பிலிப் ஃபெல்க்னர் குழு, நேர்மின்னூட்டம் கொண்ட கொழுப்பில் டி.என்.ஏ.வைப் பொதிந்து செல்லுக்குள் அனுப்பிக் காட்டியது. கண்ணாடிக் குடுவையில் அது பிரமாதம். உடலுக்குள்ளோ, அந்த ஓயாத மின்னூட்டமே நஞ்சானது.

அதற்குக் கிடைத்த தீர்வு அபாரமானது. புதிய கொழுப்புகள் ரத்தத்தில் (பி.எச். 7.4) பெரும்பாலும் மின்னூட்டமின்றிச் சாதுவாக இருக்கும். செல் விழுங்கியதும் அமிலம் நிறைந்த பைக்குள் அகப்படும். அங்கேதான் நேர்மின்னூட்டம் பெறும். உடனே பையின் சவ்வைக் குலைத்து, சரக்கை வெளியே விடும். இந்த முறையில் உருவான பாட்டிசிரான் என்ற மருந்துக்கு 2018-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. கொரோனாவுக்கான எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளும் இதே வழியில் வந்தவைதான்.

இவை இரண்டும் இல்லாத வழியும் உண்டு. இந்தியாவின் சைகோவ்-டி என்ற கொரோனா தடுப்பூசிக்குக் கொழுப்பும் வேண்டாம், வைரஸும் வேண்டாம். ஊசியில்லாத கருவி, டி.என்.ஏ.வை அழுத்தத்தால் தோலுக்குள் செலுத்தும். மனிதருக்கு அனுமதி பெற்ற உலகின் முதல் டி.என்.ஏ. தடுப்பூசி இது (2021).

வைரஸ் வாகனத்துக்கு மாற்று ஏன் தேவை? பிலடெல்பியாவில் 1999-இல் 18 வயது இளைஞர் ஒருவருக்கு வைரஸ் வழியே மரபணு செலுத்தினார்கள். நோய் எதிர்ப்பு மண்டலம் கொந்தளித்து, நான்கே நாளில் உயிர் பிரிந்தது. அவருக்கு இருந்தது, கல்லீரலால் அம்மோனியாவை யூரியாவாக மாற்ற முடியாத பிறவிக் கோளாறு. அதே வகைக் கோளாறோடு பிறந்த ஒரு குழந்தைக்கு, அதே நகரில், 2025-இல் மரபணுவைத் திருத்தும் மருந்தைக் கொழுப்புத் துகளில் வைத்துக் கொடுத்தார்கள், அதுவும் மூன்று முறை. வைரஸ் என்றால் முதல் தடவையிலேயே எதிர்ப்புப் பொருள் உருவாகி, மறுமுறை கொடுப்பது கடினம். அந்த ஆண்டு ஜூனில் குழந்தை வீடு திரும்பியது.

ஆனாலும் வேலை முடியவில்லை. செல் விழுங்கும் சரக்கில் 1 முதல் 2 சதவீதமே பையிலிருந்து தப்புவதாக 2013-இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. ரத்தத்திலுள்ள ஒரு புரதம் ஒட்டிக்கொள்வதால் துகள்கள் பெரும்பாலும் கல்லீரலுக்கே போய்விடுகின்றன. தசை நோய்களுக்கு இது தடை. டுஷென் தசைச்சிதைவு நோய்க்கான முழு மரபணுக் குறிப்பு சுமார் 11,000 எழுத்துகள், மரபணு சிகிச்சையில் வாகனமாகப் பயன்படும் ஏ.ஏ.வி. என்ற வைரஸில் ஏறத்தாழ 4,700-தான் அடங்கும். கொழுப்புத் துகளுக்கு அந்த இட நெருக்கடி இல்லை. உடலெங்கும் உள்ள தசைகளுக்கு அதைக் கொண்டுசெல்லும் வழிதான் இன்னும் பிடிபடவில்லை.