மூளை ஸ்கேனில் 8 நொடி தவறினால் என்ன ஆகும்? ஒரு குட்டி டெக்ஸ்ட் ஃபைலின் கதை

தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். அன்று மூழ்கியவர்களிடம் சிலிண்டர் கிடையாது. கீழே இறங்க ஒரு கல், மேலே வர ஒரு கயிறு, மற்றதெல்லாம் அடக்கிய மூச்சுதான். மூச்சை அடக்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும். மூளையின் ரத்தக் குழாய்கள் விரிந்து, ரத்த ஓட்டம் கூடும்.

இதே 'தம் கட்டும்' வேலையை எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனுக்குள்ளும் செய்யச் சொல்வது உண்டு. மூளையின் ரத்தக் குழாய்கள் சரியாக விரிகின்றனவா என்று பார்க்கத்தான்.

எதற்கு இந்தச் சோதனை?

மூளைக் கட்டி ஆபரேஷனுக்கு முன், பேச்சுக்கான பகுதி எங்கே என்று ஸ்கேனில் தேடுவார்கள். ரத்த ஓட்டம் கூடும் இடம்தான் அடையாளம். கட்டிக்குப் பக்கத்தில் குழாய்கள் மந்தமாக இருந்தால், நன்றாக வேலை செய்யும் பகுதிகூட வரைபடத்தில் தெரியாமல் போகலாம். மூச்சடக்கும் சோதனை அந்த ஆபத்தை முன்கூட்டியே காட்டும்.

டைமிங் ஃபைல் என்றால்?

எந்த நொடியில் மூச்சை அடக்கினார் என்ற கணக்கு. 'ஆஃப்னி' மென்பொருளில் ஒரு ஸ்கேன் சுற்றுக்கு ஒரு வரி. 30, 90, 150-வது நொடிகளில் அடக்கினார் என்றால், '30 90 150'. அவ்வளவுதான்! ஒரு சுற்றில் எதுவும் நடக்கவில்லையா? வரியைக் காலியாக விடாமல் நட்சத்திரக் குறி போட வேண்டும்.

இந்த நொடிகளை வைத்து, ரத்த ஓட்டம் எப்போது ஏறி இறங்க வேண்டும் என்று மென்பொருள் ஒரு கோடு வரையும். மூளையின் ஒவ்வொரு சிறு கட்டத்தின் சிக்னலையும் அதோடு ஒப்பிடும். பொருந்தும் இடத்துக்கு நிறம் கிடைக்கும். இந்த ஒப்பீட்டின் பெயர்தான் ரெக்ரஷன்.

எங்கே சொதப்பும்?

ஸ்கேன் தொடங்கும்போது சிக்னல் நிலைப்படாது. அதனால் முதல் சில படங்களை நீக்குவது வழக்கம். 2 நொடிக்கு ஒரு படம், 4 படங்கள் நீக்கம் என்றால் 8 நொடி காணாமல் போகிறது. ஃபைலும் '22 82 142' என்று மாற வேண்டும். மறந்தால், கோடு 8 நொடி தாமதமாக ஓடும். நல்ல குழாயும் மந்தமாகத் தெரியலாம்.

சிக்கல் என்னவென்றால், மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. நம்பும்படியான ஒரு கலர் படத்தைக் கொடுத்துவிடும்.

எப்படித் தப்பிப்பது?

● படங்களை நீக்கிய பிறகு, நொடிகளைக் கையால் ஒருமுறை கழித்துப் பாருங்கள்.

● 'அடக்குங்கள்' என்று சொன்ன நேரமும் உண்மையில் அடக்கிய நேரமும் ஒன்றல்ல. வயிற்றில் கட்டும் மூச்சுப் பட்டையின் பதிவோடு ஒப்பிடுங்கள்.

● வரைபடத்துக்கு முன், கோட்டையும் சிக்னலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். 8 நொடி விலகல் கண்ணுக்கே தெரியும்.