ஆரல்வாய்மொழி ரோடா... இருங்காட்டுக்கோட்டை டிராக்கா?

ஆரல்வாய்மொழி காற்றாலைகளைப் பார்த்ததும் ஆக்சிலரேட்டரை முறுக்கும் தம்பிகளே... அந்த வேகத்துக்கான இடம் சுமார் 700 கி.மீ. தள்ளி இருக்கிறது!

முன்பு சோழவரத்தில், பழைய விமான ஓடுபாதையில்தான் பந்தயம் நடந்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. ரேஸ் டிராக் வந்தது.

'காஸ்ட்லி பைக் வேண்டுமே' என்கிறீர்களா? டி.வி.எஸ். 1994-ல் தொடங்கிய 'ஒன் மேக்' போட்டியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி பைக். ஓட்டுபவரின் கைத்திறன்தான் பேசும். புதியவர்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு.

டிராக்கில் எதிரே பஸ் வராது. மஞ்சள் கொடி அசைந்தால் யாரும் முந்தக் கூடாது. லெதர் சூட், ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட், கிளவுஸ், பூட்ஸ் கட்டாயம். ஆம்புலன்ஸும் தயாராக நிற்கும்.

இத்தனை இருந்தும் அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. இதில் எதுவுமே இல்லாத நம்ம ரோட்டில் எதற்கு ரேஸ்?