ஆங்கிலத்தின் ஒரு சிறுசொல்: கற்பித்தல் பற்றிச் சில குறிப்புகள்

புலம்பெயர் சூழலில் ஆங்கிலம் பற்றி நாம் நடத்தும் விவாதங்கள் பெரும்பாலும் நமது பிள்ளைகள் தமிழை மறப்பது பற்றியவையே. பெருந்தொகைப் பணம் கட்டிப் படிக்க வந்திருக்கும் பிறமொழி மாணவர்கள் நமது கண்ணில் படுவதில்லை. இத்தனைக்கும் ரொறன்ரோவில் வாரஇறுதி இரவு வேலையில் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்குபவர்கள் அவர்கள்தான்: பஞ்சாபிகள், வியட்நாமியர், கொரியர். அவர்களில் சிலருக்குச் சனிக்கிழமைகளில் நூலகமொன்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

இம்மாணவர்கள் எல்லோரும் இடறும் இடம் 'த' என்ற சிறுசொல். கொரியத்திலோ பஞ்சாபியிலோ தமிழிலோ அதற்கு நிகரான சொல் இல்லை. முதன்முறை குறிப்பிட்டால் 'எ', மறுமுறை 'த' என்று இலக்கணப் புத்தகம் சொல்லும். அது பாதி உண்மையே. கேட்பவருக்கு எந்தப் பொருள் என்று ஏற்கனவே தெரியும் எனப் பேசுபவர் கருதினால், முதன்முறையிலேயே 'த' வரும். 'த மெசின்' பழுது என்றால் நம் இருவருக்கும் தெரிந்த மெசின்; 'எ மெசின்' என்றால் 'எது?' என்று மேற்பார்வையாளர் திருப்பிக் கேட்பார். ஆக, எதிரே நிற்பவரின் மனதில் என்ன இருக்கிறது என்ற மதிப்பீட்டில்தான் இச்சொல் தங்கியுள்ளது. ஆகவே அதைப் பயிற்சித்தாளில் மட்டும் படிக்க முடியாது. ஒருவரோடு ஒருவர் நெடுநாள் கதைக்கவேண்டும். மாணவரோடு சிநேகிதம் வேண்டும் என்று நான் சொல்வது இரக்கத்தினால் அல்ல; கற்பித்தல் முறையே அதைக் கோருகிறது.

உச்சரிப்பைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. கொரியருக்கு 'எஃப்' ஒலி இல்லை. அவர்களும் நம்மைப் போலக் 'கோப்பி'தான் குடிக்கிறார்கள். சொல்லின் கடைசியில் அவர்கள் உயிரொலி சேர்ப்பதும் நாம் 'பாங்கு' என்பதும் ஏறக்குறைய ஒரே காரணத்தால்தான்.

விளிப்பது வேறு விடயம். கொரியத்தில் மூத்தவரை முன்னிலைப் பெயரால் சுட்டுவதில்லை. பதவிப் பெயரோ உறவுப் பெயரோ சொல்லவேண்டும். நீ, நீர், நீங்கள் என்று படிகள் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தானுக்கு இச்சங்கடம் உடனே விளங்கும். பெயர் சொல்லி அழைக்கும்படி வற்புறுத்தும் ஆசிரியர்கள் அதைச் சமத்துவம் என நினைக்கிறார்கள். மாணவருக்கோ அது வாயடைப்பு. என்னை 'ரீச்சர்' என்கிறார்கள், அப்படியே விட்டுவிட்டேன். பக்ரறியில் என்னை அப்படி அழைக்க வேறு ஆளில்லை என்பதும் ஒரு காரணம்.

இனிப் பரீட்சை. 1989 இல் அறிமுகமான ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் 11 முதல் 14 நிமிடம் வரை பேசவேண்டும். 250 சொற்களுக்குக் குறையாத கட்டுரைக்கு 40 நிமிடம் ஒதுக்கச் சொல்வார்கள். பெறுபேறு இரண்டு வருடங்களுக்கே செல்லும். ஆகவே ஒருவர் இங்கேயே இரண்டு வருடம் ஆங்கிலத்தில் படித்துச் சித்தியடைந்தாலும், பொருளாதாரப் பிரிவில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கையில் மறுபடியும் மொழிப் பரீட்சைக்குப் போகவேண்டும். 2024 நவம்பர் முதல் படிப்புக் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணித்தியாலமே வேலை செய்யலாம். அந்தச் சம்பளத்தில் தனியார் வகுப்புக்கு எங்கே போவது?

இதெல்லாம் ஏகாதிபத்தியத்துக்குச் செய்யும் கூலியில்லாத் தொண்டு என்று நண்பரொருவர் சொன்னார். றொபேட் பிலிப்சனின் 1992 ஆம் ஆண்டு நூலை வைத்து அவர் வாதிடுகிறார். ஆங்கிலப் பரவலுக்குப் பின்னாலுள்ள அதிகாரம் பற்றிப் பிலிப்சன் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கற்பவரை வெறும் இரையாகவே பார்த்தால் வகுப்பறையில் நடப்பது தெரியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா தமது 1999 ஆம் ஆண்டு நூலில் இதைக் காட்டினார். அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் மாணவர்கள் கீறியவையும் எழுதியவையும் அவருக்குச் சான்றாயின. மொழியை ஒதுக்காமலும் அதற்குப் பணியாமலும் தம் தேவைக்கு வளைத்தல் சாத்தியம் என்பது அவர் நிலைப்பாடு.

நான் பாடநூல் பாவிப்பதில்லை. அவரவர் சம்பளச் சீட்டையும் வீட்டுக்காரர் அனுப்பிய கடிதத்தையும் கொண்டுவரச் சொல்கிறேன். சென்ற மாதம் ஒரு பெண் மேலதிக நேரச் சம்பளம் குறைந்திருப்பதைக் கண்டுபிடித்து, ஆறு வரியில் தானே கடிதம் எழுதினாள். இரண்டு இடங்களில் 'த' விடுபட்டிருந்தது. பணம் வந்துவிட்டது.