லினக்சை ஏமாற்றிய "அழுக்குப் பசு"!

பல கம்ப்யூட்டர்களை உள்ளே இருந்து நிர்வாகம் செய்வது "லினக்ஸ்". ஆண்ட்ராய்டு செல்போனுக்குள்ளும் அதுதான். 1991-ம் ஆண்டில் அதைத் தொடங்கியவர், பின்லாந்தில் பிறந்த லினஸ் டோர்வால்ட்ஸ்.

அசல் ஏட்டில் கண்டவர்கள் எழுதக்கூடாது அல்லவா? கேட்டவருக்கு லினக்ஸ் நகல் எடுத்துக் கொடுக்கும்.

அங்கேதான் ஓட்டை! எழுதப்போகும் நொடியில், "நகலைத் தூக்கி எறி" என்று இன்னொரு உத்தரவு குறுக்கே வந்தது. லினக்ஸ் ஏமாந்தது. எழுத்து அசலில் விழுந்தது! சாதாரண ஆள், கம்ப்யூட்டருக்கே எஜமான் ஆகிவிடலாம். இந்தப் பிழைக்குத்தான் "அழுக்குப் பசு" என்று பெயர். பெயர் வேடிக்கை, விஷயம் விபரீதம்.

2005-ல் டோர்வால்ட்ஸ் ஓர் ஒட்டுப் போட்டார். வேறு ரக எந்திரத்தில் தொல்லை வரவே, ஒட்டு பிரிக்கப்பட்டது.

2016-ல் திருடர்கள் இந்த வழியில் புகுந்தது தெரியவந்தது. அக்டோபரில், "நகல் எடுத்தாகிவிட்டது" என்று ஓர் அடையாளம் வைத்து டோர்வால்ட்சே ஓட்டையை அடைத்தார். 11 ஆண்டுகளுக்கு முன் தான் செய்தது மோசமான வேலை என்றும் எழுதி வைத்தார்.